உருளையில் போடும் முன் காசின் வயதைப் பாருங்கள்

இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தென்கிழக்கே சால்குரோவ் என்றொரு கிராமம் இருக்கிறது. 2003-ல் அங்கே ஒரு வயலில் மெட்டல் டிடெக்டரோடு தேடிக்கொண்டிருந்த ஒருவருக்குப் பானை ஒன்று அகப்பட்டது. உள்ளே ரோமானியக் காசுகள். எண்ணிப் பார்த்தபோது 4,957. பல நூற்றாண்டுகள் மண்ணின் ஈரத்தில் கிடந்து களிம்பேறியதில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிப் போயிருந்தன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நிபுணர்கள் அந்தக் கட்டியிலிருந்து காசுகளைப் பொறுமையாகப் பிரித்தெடுத்தார்கள்.

அவற்றில் ஒரு காசில் டொமிஷியானஸ் என்ற பெயரும் முடிசூடிய ஒரு தலையும் இருந்தன. கி.பி. 260 முதல் 274 வரை ரோமிலிருந்து பிரிந்து தனியரசாக இயங்கிய காலியப் பேரரசில், 271 வாக்கில் மிகச் சொற்ப காலம் அரியணையில் இருந்தவர் அவர். பழைய ஏடுகளில் அந்தப் பெயரில் ஒரு தளபதியைப் பற்றியும் ஒரு கலகக்காரரைப் பற்றியும் ஓரிரு குறிப்புகள் உண்டு. அவர் பேரரசராக முடிசூடினார் என்பதற்கு அதுவரை இருந்த சான்று, 1900-ல் பிரான்சில் கிடைத்த ஒரே ஒரு காசுதான். அதையும் போலி என்று அறிஞர்கள் ஒதுக்கிவைத்திருந்தார்கள். சால்குரோவ் காசு வந்த பிறகு இரண்டையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒரே அச்சில் அடித்தவை. நூறாண்டாகச் சந்தேகத்தில் கிடந்த பழைய காசும் உண்மையானது என்று தெரிந்தது. ரோமானிய வரலாற்றில் ஓர் ஆட்சியாளருக்கு இடம் உறுதியானது.

அந்தக் காசின் எழுத்துகள் உலோகப் பரப்பிலிருந்து மேலெழும் உயரம் ஒரு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான். கூழாங்கற்களோடு சேர்த்துச் சில மணி நேரம் சுழற்றியிருந்தால் பெயர் தேய்ந்து போயிருக்கும். அப்படித் தேய்ந்த காசைப் பார்த்து, அதில் ஒரு பேரரசரின் பெயர் இருந்தது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மெட்டல் டிடெக்டரோடு வயலிலும் கடற்கரையிலும் தேடுவது பரவலான பொழுதுபோக்கு. கிடைத்ததைப் பளபளப்பாக்க, தேடுகிறவர்களில் பலர் வீட்டில் வைத்திருக்கும் சாதனம்தான் ரோட்டரி டம்ளர் எனப்படும் சுழல் உருளை. கூழாங்கற்களை மெருகேற்றும் கலைக்காக உருவான எளிய இயந்திரம் அது. இரண்டு தண்டுகளின் மேல் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் உருளை படுத்திருக்கும். சிறு மோட்டார் தண்டைச் சுழற்ற, உருளையும் மெதுவாகச் சுழலும். உள்ளே கல், தண்ணீர், காசு எல்லாம் மேலேறிச் சரிந்து ஒன்றோடொன்று உரசும். அந்த உரசலில் அழுக்கு போகும். அழுக்குக்கு அடுத்தபடியாக, காசில் எது மேடாக இருக்கிறதோ அது போகும். எது அழுக்கு, எது எழுத்து என்று பிரித்தறிய இயந்திரத்துக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டியது போடுகிறவரின் பொறுப்பு.

இந்த இயந்திரத்தை ஒரேயடியாக விலக்கச் சொல்வது நியாயமல்ல. அதற்கென்று ஒரு வேலை உண்டு. அந்த வேலையை மட்டும் அதற்குக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது செய்கிறவரின் கையும் நுரையீரலும் வீட்டுச் சாக்கடையும் பாதுகாப்பாக இருக்க வேண்டும்.

உருளைக்கு உரிய காசு எது?

அமெரிக்கக் கடற்கரை ஒன்றில் கோடை முழுவதும் தேடுகிறவருக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி, குளிக்க வந்தவர்கள் பையிலிருந்து நழுவவிட்ட சில்லறை. 1965-க்குப் பிந்தைய 10 சென்ட், 25 சென்ட் காசுகள் செம்பு நடுத்தகட்டின் இரு பக்கமும் செம்பும் நிக்கலும் கலந்த தகடு ஒட்டியவை. உப்புநீரில் சில மாதம் கிடந்தாலே கறுத்து, மண் பிடித்து, காசு எண்ணும் இயந்திரம் திருப்பித் தள்ளும் நிலைக்கு வந்துவிடும். முகமதிப்புக்கு மேல் ஒரு காசும் பெறாத இந்தச் சில்லறையைச் செலவழிக்கும் நிலைக்குக் கொண்டுவருவதுதான் உருளைக்கு உரிய வேலை.

அதற்குள்ளும் பிரிவினை தேவை. முதலில் ஆண்டைப் பார்க்க வேண்டும். 1964 வரை அடித்த 10 சென்ட், 25 சென்ட் காசுகளில் 90 சதவீதம் வெள்ளி. 1942 முதல் 1945 வரை அடித்த 5 சென்ட் காசுகளில் பெரும்பாலானவற்றில் 35 சதவீதம் வெள்ளி. இவற்றைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். தரம் பார்த்துச் சான்று தரும் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற அமெரிக்க நிறுவனங்கள், உரசிச் சுத்தம் செய்த தடயம் உள்ள காசுக்கு வழக்கமான எண் தரம் கொடுப்பதில்லை. குறையுள்ளது என்ற குறிப்போடுதான் திருப்பி அனுப்பும். சேகரிப்பாளர் கொடுக்கும் விலையும் அதற்கேற்பச் சரியும். பளபளப்பால் விலை கூடும் என்று நம்பித்தான் பலர் பழைய வெள்ளிக் காசைக் கெடுத்துவிடுகிறார்கள்.

அடுத்தது நிறப் பிரிவினை. செம்பு நிறக் காசுகளையும் வெள்ளை நிறக் காசுகளையும் ஒரே உருளையில் போட்டால் செம்பு படிந்து வெள்ளைக் காசுகள் இளஞ்சிவப்பாகிவிடும். ஒரு சென்ட் காசுகளிலும் 1982 ஒரு எல்லைக்கோடு. அந்த ஆண்டின் நடுவிலிருந்து அவை செம்பு முலாம் பூசிய துத்தநாகக் காசுகள், 97.5 சதவீதம் துத்தநாகம். முலாம் எங்கேயாவது பிய்ந்திருந்தால் உள்ளிருக்கும் துத்தநாகத்தை உப்புநீர் ஏற்கெனவே அரித்திருக்கும். நீண்ட நேரம் சுழற்றினால் காசே கரைந்து ஓட்டையாகும். பழைய செம்புக் காசின் எடை 3.11 கிராம், புதியது 2.5 கிராம், 1982-ஆம் ஆண்டுக் காசுகளைப் பிரிக்க ஒரு சிறிய தராசு போதும்.

சுழற்றும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் காசுகளைச் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து மணலை அலசிவிட வேண்டும். கூர்மையான மணல் துகள் உள்ளே போனால் அது அரத்தின் வேலையைச் செய்யும். உருளைக்குள் போட உகந்தது மீன்தொட்டிக்கென்று விற்கும் வழுவழுப்பான சிறு கூழாங்கல். கல்லும் காசும் சேர்ந்து உருளையின் பாதிக்குக் கொஞ்சம் மேலே வரலாம். மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் உள்ளே எதுவும் புரளாது, மோட்டார்தான் சூடாகும். பொருட்கள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு. மூன்று பவுண்டு உருளை என்றால் கல், தண்ணீர், காசு எல்லாம் சேர்ந்து அந்த எடைக்குள், அதாவது சுமார் 1.3 கிலோவுக்குள், அடங்க வேண்டும்.

பலர் இதோடு நிறுத்துவதில்லை. வேகமாக வெளுக்கட்டும் என்று வினிகரையும் ஆப்பச் சோடாவையும் ஒன்றாக ஊற்றி மூடியை இறுக்குகிறார்கள். அமிலமும் சோடாவும் சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பும். துத்தநாகத்தின் மேல் அமிலம் பட்டால் தீப்பிடிக்கும் தன்மையுள்ள ஹைட்ரஜன் கிளம்பும். காற்றுப் புகாத உருளைக்குள் இரண்டும் அழுத்தமாகச் சேர்ந்து மூடியைத் தெறிக்கவைக்கலாம். முகத்துக்கு நேரே மூடியைத் திறப்பவரின் கண்ணுக்கு அது பெரிய ஆபத்து. அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தையும் பிளீச்சையும் ஒரே பாத்திரத்தில் கலந்தால் வருவது நச்சு வாயு. மூடிய உருளைக்குள் தண்ணீரும் சோப்பும் தவிர வேறெதுவும் வேண்டாம். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்தி, மூடியை மெல்லத் திறந்து பார்ப்பது நல்லது. அழுக்கு போயிருந்தால் அத்துடன் வேலை முடிந்தது.

தண்ணீரும் மின்சாரமும் அருகருகே இருக்கும் வேலை இது. உருளை ஒழுகினாலும் மோட்டாருக்குத் தண்ணீர் போகாதபடி இயந்திரத்தை ஒரு தட்டில் வைத்து, பிளக்கை உயரத்தில் மாட்ட வேண்டும். மின்கசிவு ஏற்பட்டால் உடனே துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் உள்ள இணைப்பாக இருந்தால் இன்னும் நல்லது. எல்லாரும் தூங்கப் போன பிறகு அதைத் தனியே ஓடவிடக் கூடாது. கழுத்துத் துணி, நீளமான கூந்தல், குழந்தைகளின் விரல்கள் இவை சுழலும் பட்டையின் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதிகம் பேர் கவனிக்காதது கடைசியில் மிஞ்சும் சாம்பல் நிறத் தண்ணீர். அதில் செம்பு, துத்தநாகம், நிக்கல் ஆகியவற்றின் நுண்துகள்கள் இருக்கும். தெரியாமல் ஈயக் குண்டோ தூண்டில் ஈயமோ கலந்திருந்தால் ஈயமும் இருக்கும். குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு அது. எனவே கையுறை போட்டுத்தான் தொட வேண்டும். சமையலறைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. சமையல் பாத்திரம், வடிகட்டி எதையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. ஒரு வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கும் சேற்றைத் தனியே கட்டி, உள்ளூர் நிர்வாகம் அபாயக் கழிவுகளை வாங்கும் இடத்தில் சேர்ப்பதே முறை. செம்பு மீனுக்கு நஞ்சு என்பதால், ஒரு முறை உருளைக்குள் போன கல் திரும்ப மீன்தொட்டிக்குப் போகக் கூடாது.

பழைய போர்க்களங்களிலும் பயிற்சி மைதானங்களிலும் தேடுகிறவர்களுக்குத் தோட்டாவும் வெடிகுண்டின் பாகமும் அகப்படுவது உண்டு. எத்தனை ஆண்டு துருப்பிடித்துக் கிடந்தாலும் உள்ளே வெடிமருந்து இருக்கலாம். அதை உருளையில் போடுவது இருக்கட்டும், வீட்டுக்கே எடுத்துவரக் கூடாது. கண்ட இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும்.

பழைய பொருளுக்கு ஏன் கூடாது?

நம் வீடுகளில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைப்பது வழக்கம். விளக்கின் உலோகம் முழுமையாக இருக்கிறது. மேலே படிந்த மெல்லிய கறுப்புதான் போகிறது. ஆயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த காசின் நிலைமை வேறு. அதன் மேற்பரப்பு உலோகமாகவே இல்லை. செம்பு காற்றோடும் ஈரத்தோடும் உப்போடும் சேர்ந்து சிவப்பு ஆக்சைடாகவும் பச்சைக் கார்பனேட்டாகவும் மாறியிருக்கிறது. அச்சில் அடித்தபோது விழுந்த முகமும் எழுத்தும் பல காசுகளில் அந்தக் களிம்புப் படலத்துக்குள்ளேதான் தங்கியிருக்கின்றன. படலத்தை உரித்தால் கீழே கிடைப்பது குழிவிழுந்த வெற்றுத் தகடு.

மூன்றாம் நூற்றாண்டு ரோமானியக் காசுகள் பலவற்றில் வெள்ளி சில சதவீதம்தான். அதுவும் மேற்பரப்பில் மெல்லிய பூச்சாக. உருளை முதலில் தின்பது அந்தப் பூச்சைத்தான். இடைக்கால இங்கிலாந்தின் வெள்ளிப் பென்னிகளோ தாள்போல மெலிந்தவை, ஒன்றரை கிராம்கூட இருக்காது. மண்ணில் கிடந்து நொறுங்கும் தன்மை அடைந்த வெள்ளி, கற்களுக்கிடையே புரண்டால் விரிசல் விட்டு உடையும். வெண்கலப் பொருளில் தங்கிய குளோரைடு உப்பு ஈரம் பட்டால் வெளிர்பச்சைத் தூளாகப் பொங்கி உலோகத்தை அரிக்கும். வெண்கல நோய் என்று நிபுணர்கள் அழைப்பது இதை. அப்படிப்பட்ட பொருளுக்குத் தேவை உலர்ந்த சூழல். பல மணி நேரம் தண்ணீரில் சுழற்றுவது நோயை வளர்க்கும்.

நிபுணர்கள் எப்படிச் சுத்தம் செய்கிறார்கள் என்பதற்கு ஸ்டாஃபோர்டுஷையர் புதையலைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 2009 ஜூலையில் ஒரு வயலில் மெட்டல் டிடெக்டரால் கிடைத்த ஆங்கிலோ-சாக்ஸன் புதையல் அது: சுமார் 4 கிலோ தங்கம், ஆயிரக்கணக்கான துண்டுகள், பெரும்பாலும் வாள் பிடிகளின் அலங்காரங்கள். மதிப்பு 32.85 லட்சம் பவுண்டு. தங்கம் துருப்பிடிக்காது, ஆனால் மென்மையானது. எஃகு ஊசி பட்டால் கீறும். அதனால் பர்மிங்காம் அருங்காட்சியக நிபுணர்கள் செடியின் முள்ளைப் பிடியில் பொருத்தி, நுண்ணோக்கியின் கீழ் மண்ணைத் துகள் துகளாக அகற்றினார்கள். ஒவ்வொரு சிவப்பு மணிக்கல்லுக்கும் அடியில் நுண்ணிய வடிவம் பதித்த தங்கத் தாள் வைத்து, ஒட்டும் பசையிட்டு அமைத்த அந்தக்காலக் கைவினையை அதனால்தான் ஆராய முடிந்தது.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் சாமர்செட்டில் ஃப்ரோம் ஊருக்கு அருகே இன்னொருவருக்கு ஒரு பெரிய பானையின் மேற்பகுதி தட்டுப்பட்டது. அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தொல்லியலாளர்களை அழைத்தார். அவர்கள் காசுகளை அடுக்கு அடுக்காக எடுத்தார்கள், மொத்தம் 52,503. காலத்தால் கடைசியாக வந்த கராசியஸ் மன்னனின் காசுகள் பானையின் கீழ்ப்பாதியிலும் இருந்தன. ஆகவே பானையைப் பல ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பவில்லை, ஒரே சமயத்தில் நிரப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய் வீட்டில் கழுவியிருந்தால் காசுகள் மிஞ்சியிருக்கும். இந்தச் செய்தி மிஞ்சியிருக்காது.

தேடுகிறவர்கள் ஒரு எதிர்வாதம் வைப்பதுண்டு. வயலில் கிடைக்கும் ரோமானியக் காசில் பாதிக்கு மேல் முகமே தெரியாத தேய்ந்த தகடு, சந்தையில் விலை போகாது, உருளையில் போட்டால் என்ன நஷ்டம் என்கிறார்கள். இந்த வாதத்தில் இரண்டு ஓட்டைகள். மதிப்பில்லாதது என்று தெரிவது பார்த்த பிறகுதான். களிம்புக்குள் என்ன இருக்கிறது என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. மேலும், முகம் தெரியாத காசும் சாட்சிதான். அதன் அளவும் தடிமனும் எந்தக் காலம் என்று சொல்லும், கிடைத்த இடம் அங்கே யார் புழங்கினார்கள் என்று சொல்லும். 1997-ல் தொடங்கி 2003-க்குள் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் பரவிய கையடக்கத் தொல்பொருள் திட்டம் இப்படிப்பட்ட பொருட்களை 15 லட்சத்துக்கும் மேல் பதிவுசெய்திருக்கிறது. எந்த நூற்றாண்டில் எந்த ஊரில் பணம் புழங்கியது, எப்போது வற்றியது என்று வரைபடம் போட அந்தப் பதிவுகள்தான் உதவுகின்றன.

சட்டமும் தேடுகிறவரின் பக்கம் நிற்கிறது. பிரிட்டனின் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்ட, பத்து சதவீதத்துக்குக் குறையாத தங்கமோ வெள்ளியோ உள்ள பொருள் கிடைத்தால் 14 நாட்களுக்குள் கரோனர் எனப்படும் விசாரணை அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும். தனியாகக் கிடைக்கும் ஒற்றைக் காசுக்கு இது பொருந்தாது. ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தால் பொருந்தும். அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டால் சந்தை விலையை மதிப்பிட்டுப் பரிசு தருகிறார்கள். ஃப்ரோம் புதையலுக்கு அப்படி மதிப்பிடப்பட்ட தொகை 3,20,250 பவுண்டு. கெடுக்காமல் கொடுப்பவருக்குத்தான் முழு மதிப்பும் கிடைக்க வாய்ப்பு.

நமக்கும் இதில் பாடம் உண்டு

கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த காசுகள்தான் சங்ககாலச் சேரர் வரலாற்றுக்கு உறுதியான சான்றுகளைத் தந்தன. மாக்கோதை, குட்டுவன்கோதை, கொல்லிப்புறை என்ற பெயர்கள் தமிழ் பிராமி எழுத்தில் அந்தக் காசுகளின் விளிம்பையொட்டி நுணுக்கமாக ஓடுகின்றன. பாண்டியரின் பெருவழுதி காசும் அப்படித்தான் 1980-களில் அடையாளம் காணப்பட்டது. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் 1930-லேயே எஸ். பரமசிவன் தலைமையில் தொடங்கிவிட்டது. பழைய உலோகத்தைச் சுத்தம் செய்வது படித்துச் செய்ய வேண்டிய வேலை என்பதைத் தமிழகம் ஏறத்தாழ நூறாண்டுக்கு முன்பே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1878-ஆம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தச் சட்டம் இன்றும் இருக்கிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

இந்த இயந்திரங்களை விற்கும் நிறுவனங்கள், நூறாண்டு கடந்த எந்தப் பொருளையும் உள்ளே போடாதீர்கள் என்ற ஒரு வரியைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். அழுக்குக் காசு பளபளக்கும் காட்சியைப் படமாக்கிப் போடுகிறவர்கள், அந்தக் காசு எந்த ஆண்டினது, அதை ஏன் உருளையில் போடலாம் என்பதையும் சொல்ல வேண்டும். பொருட்களைப் பதிவுசெய்யும் அலுவலர்களைக் கூடுதலாக நியமித்தால், வரிசையில் காத்திருக்கப் பொறுமையில்லாமல் வீட்டிலேயே உரசுகிறவர்களின் எண்ணிக்கை குறையும்.

வெளிநாட்டில் வாழும் தமிழர் யாராவது இந்தப் பொழுதுபோக்கில் இறங்கினால், உருளை வாங்கும் முன் பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு லென்ஸ் வாங்குங்கள். ஆண்டு தெளிவாகத் தெரியும் அண்மைக்காலச் சில்லறையைத் தவிர எதையும் சுழற்றாதீர்கள். மற்றவற்றில் தானாக உதிரும் மண்ணை மட்டும் உதிரவிட்டு, உலரவைத்து, தனித்தனி உறையில் போட்டு, கிடைத்த இடத்தையும் தேதியையும் மேலே எழுதி, அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.